அந்தரங்கமும் அடிப்படை உரிமையாக வேண்டும்

ஆசிரியருக்கு,

டிஜிட்டல் அடையாள அட்டை குறித்த தங்கள் தலையங்கம் செலவையும் தொழில்நுட்பத்தையும் நன்றாக அலசியது. சரி, ஆனால் அந்தரங்கத்துக்கான உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லையே. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனம் 12ஆம் உறுப்புரையில் அதற்கு இடம் கொடுத்தது. நமது இலங்கை அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைக் கூறும் மூன்றாம் அத்தியாயத்திலோ, 2015இல் சேர்க்கப்பட்ட தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தும் காரணங்களுள் ஒன்றாகத்தான் அது தலைகாட்டுகிறது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். சாதாரண சட்டத்தைச் சாதாரண பெரும்பான்மையால் மாற்றிவிடலாம். அடிப்படை உரிமை என்றால், மீறப்படும்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தையே நேரடியாக நாடலாம்.

வெள்ளவத்தையில் உறவினரைப் பார்க்கத் தொடர்மாடிக்குப் போனால் வாசலில் ஒரு கொப்பி. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் எல்லாம் எழுத வேண்டும். முன்னர் வந்தவர்களின் விவரமும் அப்படியே திறந்து கிடக்கும். (காவலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு வந்த உத்தரவு அது.) அந்த அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன. புதிய அட்டை நம் கைக்கு வருமுன், அந்தரங்க உரிமையை மூன்றாம் அத்தியாயத்தில் தனி உறுப்புரையாகச் சேர்க்க அரசாங்கம் முன்வர வேண்டும்.

வாசகர்,
கொழும்பு 06.