கலிபோர்னிய சார்ட்டர் பள்ளிகளின் பெற்றோர் குழுக்களில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் பொறுப்பில் இருப்பது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி; பள்ளி மாவட்டம் போன்ற ஓர் அமைப்பு அனுமதித்த சாசனத்தின்படி (சார்ட்டர்) தனி நிர்வாகக் குழு (போர்டு) அதை நடத்துகிறது. கட்டணம் கிடையாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் பொதுக் குலுக்கல். ஆனாலும் பக்கத்துத் தெருவில் ஸ்பானிஷோ வியட்நாமியமோ பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இல்லையென்றால், குலுக்கலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

விண்ணப்பக் கடைசித் தேதி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே நாளில் பரவிவிடும். இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் காதுக்கு அது போய்ச் சேராது. அறிமுகக் கூட்டத்தை வாரநாள் காலையில் வைத்தால் அவரால் வரவும் முடியாது. கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு கூட்டத்தையாவது மாலை ஆறரைக்கு மேல் வையுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். காகிதப் படிவத்தை நூலகத்திலும் துணி துவைக்கும் லாண்டரி கடைகளிலும் வையுங்கள்.

படிவத்தையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். குலுக்கலுக்குப் பெயர், முகவரி, வகுப்பு, தொடர்பு எண், அங்கே படிக்கும் அண்ணன் அக்கா விவரம் போதும். சேர்க்கைக்கு முன் மதிப்பெண் பதிவோ சிறப்புக் கல்வி ஆவணமோ கேட்க மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. குடியுரிமை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ‘மாதம் எத்தனை மணி நேரம் பள்ளிக்கு உதவுவீர்கள்?’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். தன்னார்வ நேரத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கக் கூடாது. ‘விருப்பமிருந்தால்’ என்று போட்டாலும், வேலையில் விடுப்பு கிடைக்காதவர் அந்த வரியிலேயே படிவத்தை மூடிவிடுவார்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது உடன்பிறந்தோர் முன்னுரிமை. மழலை வகுப்பில் 60 இடம், அதில் 28 தம்பி தங்கைகளுக்கு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலுக்கு மிஞ்சுவது 32. முதல் சில ஆண்டுகளில் யார் சேர்ந்தார்களோ அவர்களே மறுபடி மறுபடி வருவார்கள். இரண்டு பிள்ளைகளை இரண்டு பள்ளியில் விடும் சிரமம் உண்மைதான்; முன்னுரிமையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அது ஏழைக் குடும்பங்களுக்கோ ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கோ வழியடைக்கக் கூடாது என்பதும் சட்டமே. முன்னுரிமை வரிசையை மாற்ற, சாசனத்துக்கு அனுமதியளித்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சாசனம் புதுப்பிக்கப்படும்வரை காத்திராமல் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

2020 முதல் சார்ட்டர் போர்டுகளும், பொது அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன் திறந்து நடக்க வேண்டும் என்னும் மாநிலத்தின் பிரவுன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரம் முன்பே ஒட்டப்பட வேண்டும். பேச இரண்டு நிமிடம் என்றால் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுபவருக்கு நான்கு. பல போர்டு தலைவர்களுக்கு இது தெரியாது. பாதிப் பேச்சில் மணி அடித்துவிடுகிறார்கள். அப்போது எழுந்து நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கவும் விடாதீர்கள்.

இனம், சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்போர் ஆகியவற்றில் பள்ளி மாவட்டத்தின் மக்கள்தொகையை ஒத்த சமநிலையை எப்படி எட்டுவோம் என்று உங்கள் சாசனத்திலேயே எழுதியிருக்கும். மாநிலக் கல்வித் துறையின் புள்ளிவிவரத் தளமான டேட்டாகுவெஸ்ட்டில் பள்ளியின் எண்ணிக்கையையும் மாவட்டத்தின் எண்ணிக்கையையும் எடுத்து, சாசனத்தின் அந்தப் பக்கத்தோடு சேர்த்து, அடுத்த போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் வைக்கக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சார்ட்டர் பள்ளிச் சேர்க்கையில் குடும்பங்களுக்கு உதவும் பெற்றோர்