கொற்கையில் மூடிய குழிகளுக்கு ஒரு அடையாளக் கல் வையுங்கள்

அகழாய்வுக்கும் சுற்றுலாவுக்கும் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நெல்லை ரெட்டியார்பட்டி மலையடியில், கொற்கையிலும் ஆதிச்சநல்லூரிலும் தோண்டி எடுத்த பொருள்களை வைத்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து, அதைப் பார்த்த கையோடு பாண்டியரின் பழைய துறைமுகமான எங்கள் கொற்கைக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல காரியம். விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் எங்கள் ஊரின் பழைய வன்னி மரத்தடியில் வந்து நின்றது. இறங்கிய பெரியவர் அங்கே நின்றவரிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பாண்டியரோட தலைநகரம் எங்க இருக்கு?" அவர் சொன்னார்: "இந்தா நிக்கியள்லா, இதுதான்." வந்தவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், குளம். மரத்தை நாலு படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இடையில் நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கொற்கையின் பெருமையை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1968-69இல் இங்கே தோண்டி, கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் உங்கள் முன்னோடிகள். 2021இல் மறுபடியும் தோண்டினீர்கள். செங்கல் கட்டுமானம், வளையலுக்குச் சங்கு அறுத்த கழிவு, ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு பதிவு செய்து, பொருள்களை எடுத்துக்கொண்டு, குழிகளை மூடினீர்கள். மூடியது சரிதான். திறந்து போட்டால் ஒரு ஐப்பசி மழைக்குக் குழியின் மண்சுவர் சரிந்துவிடும். நனைந்து காய்ந்து நனைந்து செங்கல் பொரிந்து உதிரும். நிலத்துக்காரருக்கும் வெள்ளாமை போகும். மண்ணுக்குள் கிடப்பதே அதற்குக் காவல் என்று எங்களுக்கும் தெரியும்.

ஆனால் மூடிய இடம் எது என்று சொல்ல ஒரு கல் நட வேண்டாமா? இங்கே வருகிறவர் நிற்கிற இடத்துக்கு ஐந்தடி கீழே சங்கு அறுத்தவர்களின் தளம் கிடக்கலாம். அது தெரியாமல் அதன் மேலே நின்றுகொண்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வெகுதூரத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர் அப்படிச் சொல்லிப் போவது எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. காட்டிக்கொடுக்க எங்களுக்கும் அடையாளம் இல்லை. அன்று குழியில் வேலை பார்த்த ஊர்க்காரர்களுக்கு வரப்பு தெரியும். அவர்கள் காலத்துக்குப் பிறகு அதுவும் போய்விடும்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. குழி மூடிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்து வரப்பில் ஒரு கருங்கல். தரைக்கு மேலே மூன்றடி, கீழே இரண்டடி. அதில் நான்கே வரி: தோண்டிய ஆண்டு, குழி எண், எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது. இரும்புப் பலகை வேண்டாம். இந்த உப்புக்காற்றுக்குச் சீக்கிரமே துருவேறிவிடும். ஃப்ளெக்ஸ் ஒரு கோடை தாங்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலமே அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாம். ஆழமாக ஊன்றாத எதுவும் இங்கே நிற்காது. நிலத்துக்காரர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். கல் நட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. அது வராது என்று எழுத்தில் கொடுத்தால், வரப்பில் கல் நட யாரும் மறுக்க மாட்டார்கள்.

கல் வரும்வரை, வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லி அனுப்புவதைக் கீழே எழுதுகிறோம். இதை அப்படியே அச்சடித்து அருங்காட்சியக வாசலில் கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

காலையில் முதலில் கொற்கைக்கு வாருங்கள், அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நிழல் குறைவு. பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக முடியாது. பஸ்ஸில் வருகிறவர்கள் நெல்லையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏரலுக்கு வர வேண்டும். திருச்செந்தூர் ரயிலில் வந்தால் குரும்பூரில் இறங்கி, ஆற்றைத் தாண்டி ஏரல். அங்கே ஆட்டோ பிடிக்கும்போது போக, வர, இரண்டு மணி நேரம் நிற்க என்று மூன்றுக்கும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள். போவதற்கு மட்டும் பேசினால் திரும்ப வண்டி கிடைக்காமல் வெயிலில் நிற்பீர்கள். பெண்களும் வயதானவர்களும் கழிப்பறைத் தேவையை ஏரலிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. இதைச் சொல்லி அனுப்ப வேண்டியிருப்பதே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாளும் வராதீர்கள். ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் கூட்டத்தில் வண்டி நகராது. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் பாதை சறுக்கும். இருசக்கர வண்டி சிக்கிக்கொள்ளும். தை நடுவிலிருந்து மாசி முடிய நல்ல காலம்.

வன்னி மரத்தோடு நின்றுவிடாதீர்கள். குளத்துக்கரைக்குப் போய் வெற்றிவேல் அம்மனைக் கும்பிடுங்கள். கண்ணகியாக ஊர் வணங்கும் அம்மன் அவள். பிறகு அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். பாண்டியரின் நாணயச் சாலை அந்தப் பக்கம்தான் இருந்தது என்பது வழக்கு. சிறிய கோயில், முற்பகலிலேயே போய்விடுங்கள். நடக்கிற வழியில் தரையைப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த நிலத்தில் ஓட்டுச்சில்லு மேலே வந்திருக்கும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருந்தால் அது பழைய கறுப்பு-சிவப்பு மட்பாண்டம். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும். அரம் வைத்து அறுத்தது போல நேர் விளிம்போடு வெள்ளைத் துண்டு கிடந்தால் அது வளையல் அறுத்த சங்கு. பாருங்கள், படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். எடுத்த இடத்தை விட்டு நகர்ந்த சில்லு பிறகு எதற்கும் சாட்சி சொல்லாது.

துறைமுகம் என்றார்களே, கடல் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. நேரம் இருந்தால் முக்காணி, ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் வரை போய் ஆறு கடலில் சேருவதைப் பாருங்கள். கொற்கை தூர்ந்த பிறகு காயல் துறைமுகத்துக்கும், அதன் பின்பு தூத்துக்குடிக்கும் முத்து வணிகம் நகர்ந்தது ஏன் என்பது அந்த வழியில் போனால் தானாகவே விளங்கும். திரும்பும்போது ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கலாம். அதன் பிறகு ரெட்டியார்பட்டிக்குப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பொருள் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று மனத்தில் பதியும்.

அதிகாரிகளே, ஆதிச்சநல்லூரில் முடிந்தது கொற்கையில் ஏன் முடியவில்லை? கண்ணாடித் தளம் எங்களுக்கு வேண்டாம். எங்கள் மண்ணில் கிடைத்ததெல்லாம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளி குளிரூட்டிய கூடத்தில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அருங்காட்சியக அறிவிப்பு வந்த நாளெல்லாம் ஊரே கை தட்டியது. ஆனால் கொடுத்த ஊருக்கு ஒரு கல்கூட வரவில்லை என்றால், அந்தக் கைதட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பது? 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் வந்து பார்த்து, பழைய கொற்கை இதுதான் என்று எழுதிவைத்தார். அதற்குப் பிறகு இத்தனை தலைமுறை கழிந்தும் வருகிறவர் ஊரில் வந்து "எங்கே?" என்றுதான் கேட்கிறார்.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: மூடிய குழிகளுக்கு அடையாளக் கல். குழிகளின் அளவும் இடமும் உங்கள் வரைபடங்களில் இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து கிடக்கும்போது ஊன்றினால், மழைக்குள் இறுகிவிடும். குழியில் வேலை பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் அலுவலர் ஒருவர் வரைபடத்தோடு வந்தால், வரப்பு வரப்பாகக் கூட்டிப்போய்க் காட்ட அவர்கள் தயார். எந்த வாரம் வருவார் என்று மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொற்கை, ஏரல் வட்டார மக்கள் சிலர்