பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் அது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டார்கள். "விண்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, புதுசு வாங்குங்க" என்று கடையில் சொன்னார்களாம். அந்தப் பெட்டிகளில் ஒரு பழுதும் கிடையாது. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2013-ல் வாங்கியது, 4 ஜிபி ராம். இப்போது அதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ், அதில் பல வகை உண்டு. எந்த லினக்ஸ் என்பதில்தான் பலரும் மலைத்துப்போகிறார்கள். 1993-ல் டெபியன் வந்தது, அதை வைத்து 2004-ல் உபுண்டு, உபுண்டுவை வைத்து 2006-ல் மின்ட். பாட்டி, மகள், பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பழகிய கைக்குப் பேத்தி வீடுதான் தோது. கீழே இடது மூலையில் மெனு, எல்லாம் தேடிய இடத்தில் இருக்கும். அதிலும் 4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பே போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடவே தொடாது. சவுண்டு கேட்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எனக்கு வைஃபை வரவில்லை. மொபைலை யுஎஸ்பி கேபிளில் செருகி அதன் வழியாக நெட் எடுத்தேன், மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜர் வைஃபைக்கு வேண்டிய மென்பொருளை இறக்கிக்கொண்டது. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள்.

தமிழாசிரியன் என்பதால் தட்டச்சுதான் எனக்கு முதல் கவலை. கீபோர்டு பட்டியலில் தமிழ்99 என்ற விசை அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதில் 'அம்மா' என்று அடித்தால் புள்ளி தானாக விழவில்லை, அதற்கெனத் தனியே ஒரு விசையைத் தட்ட வேண்டியிருந்தது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்பை நிறுவிய பிறகு, ம இரண்டு தரம் தட்டியதும் முதல் ம-வுக்குப் புள்ளி விழுந்தது. அன்றுதான் இது நம்ம கம்ப்யூட்டர் என்று தோன்றியது.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். மைத்துனர் வீட்டில் நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சி டிரைவ் மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். டி டிரைவும் சேர்ந்து போனது. அவர் மகளின் காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. நிறுவும் முன் படம், பத்திரம், பாட்டு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸும் இருக்கட்டும் என்றால், 'விண்டோஸின் பக்கத்தில் நிறுவு' என்பதே சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள். பாதியில் கரண்ட் போனால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரும்.

2011-ல் தொடங்கி அரசு தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. என் மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் அபூர்வம். காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, நானும் அப்போது அறியேன். இப்போதாவது, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் அம்பை, சேரன்மகாதேவி பக்கத்துக் கிளை நூலகங்களிலும் மாதம் ஒரு ஞாயிறு காலை இதற்கென ஒரு மேசை போட நூலகத் துறை இடம் தர வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் என்றால் பென்டிரைவோடு நான் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கல்லிடைக்குறிச்சி.