கிறீன்லாந்தைவிடப் பெரிய துண்டு: போட்டி நடுவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர் குழுவினருக்கு,

பாடசாலைகளுக்கு இடையிலான புவியியல் போட்டியில் வந்த அந்தப் பரப்பளவு வினாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாங்கள் அனுப்பிய மேன்முறையீடு உங்கள் கோப்பில் இருக்கிறது. விடைத்திட்டம் மாற்றப்படமாட்டாது என்று ஒற்றை வரியில் பதிலும் வந்துவிட்டது. எனவேதான் எல்லோரும் பார்க்கக் கேட்க வேண்டியிருக்கிறது.

வடக்கு 70° முதல் 80° வரை, மேற்கு 20° முதல் 50° வரை உள்ள பகுதியின் பரப்பளவு என்ன என்பது வினா. பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று எடுத்து, 1,110 ஐ 3,330 ஆல் பெருக்கி, ஏறத்தாழ 37 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்கிறது உங்கள் விடைத்திட்டம். எங்கள் மாணவி எழுதியது 9.6 இலட்சம். அவளுக்குக் கிடைத்தது பூச்சியம்.

அந்தக் கட்டம் ஏறக்குறைய முழுவதும் கிறீன்லாந்துக்குள் அடங்குகிறது. கிறீன்லாந்தின் மொத்தப் பரப்பே சுமார் 21.7 இலட்சம் சதுர கிலோமீற்றர்தான். தீவின் ஒரு துண்டு தீவையே விழுங்கியிருக்கிறது. திருத்திய எவருக்கும் அது உறுத்தவில்லை.

நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. மத்தியகோட்டில் 111 கிலோமீற்றராக இருக்கும் ஒரு பாகை அகலம் 60° இல் பாதியாகி, 75° இல் 29 கிலோமீற்றருக்கும் குறைந்துவிடுகிறது. நடு அகலத்தை எடுத்துப் பெருக்கினாலே 9.6 இலட்சம் வந்துவிடும். அவளோ அதைவிடச் சீராகச் செய்திருந்தாள்: புவியின் ஆரை 6,371 கிலோமீற்றர், அதன் வர்க்கத்தை 80°, 70° ஆகியவற்றின் சைன் பெறுமானங்களின் வித்தியாசத்தாலும், ஆரையன் என்ற கோண அலகில் எழுதிய 30° ஆலும் பெருக்கியிருந்தாள். கோளத்தில் வெட்டிய பட்டையின் பரப்பு அதன் உயரத்துக்கு விகிதசமம் என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவி 2,200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று அவருக்கும் அறிவித்துவிடலாம்.

இலங்கைக்குள் மட்டும் கணக்குப் போட்டால் இந்தப் பிழை வெளியே தெரியாது. நாம் 6° க்கும் 10° க்கும் இடையில் இருப்பதால் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் வரும். 111 ஐ வைத்துக்கொண்டு இத்தனை காலம் தப்பித்துவந்தது அப்படித்தான். ஆனால் வடதுருவத்துக்கு அருகில் போய் வினாவை அமைத்தவர்கள் நீங்கள்.

அந்த ஒரு வினாவின் புள்ளிகளால் அவள் அடுத்த சுற்றுக்குத் தெரிவாகவில்லை. முடிவு வந்த அன்று அவள் அழவில்லை. "அடுத்த முறை பிழையான விடையையே எழுதட்டுமா, சேர்?" என்று மிகவும் அமைதியாகக் கேட்டாள். சரியானதை எழுது என்றால் புள்ளி போகும். பிழையை எழுது என்றால் நான் எதற்கு வகுப்புக்குப் போகிறேன்? இன்றுவரை அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவளுடைய புள்ளிகளைத் திருப்பித் தாருங்கள்.

வகுப்பறைகளைச் சொன்னால் கதை நீளும். கொழும்பில் நான் பார்த்த பல வகுப்பறைகளின் சுவர்களில் உருண்டைப் புவியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மேர்கேற்றர் எறியத்தில் வரைந்த உலகப் படம்தான் தொங்குகிறது. அதில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. கடலோடிகள் திசை பிடிப்பதற்காக 1569 இல் வந்த படம் அது, பரப்பை ஒப்பிட வந்ததல்ல. உலக உருண்டையோ உடைந்துவிடும் என்று அதிபரின் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆய்வாளர்கள் வரும் நாட்களில் தூசு தட்டப்படும்.

பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததற்கு வருகிறேன். அந்த வினாவுக்கான விடைத்திட்டத்தைத் திருத்தி வெளியிடுங்கள். 9.6 இலட்சத்தை ஒட்டி எழுதிய எல்லா மாணவர்களின் தாள்களையும், எந்த மொழிமூலமானாலும், மீண்டும் திருத்துங்கள். அடுத்த சுற்று தொடங்குமுன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் மாணவியின் தந்தையும் வாசித்துக்கொள்வார். சென்ற முறை அவர் அந்த ஒற்றை வரியை மொழிபெயர்ப்பிக்க அயலவரிடம் போக வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு