ஈடேல் வயல்வழியைக் காப்பவர்களுக்கு நன்றி

ஈடேல் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கும், பாதை பராமரிக்கும் தொண்டர்களுக்கும், ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப்பில் வேலை செய்பவர்களுக்கும் வணக்கம்.

1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே நடைபாதை இங்கிலாந்தில் உங்கள் பப் வாசலில் புறப்பட்டு, சுமார் 430 கி.மீ. தாண்டி ஸ்காட்லாந்தில் முடிகிறது. அவ்வளவு தூரம் நடக்க எல்லோராலும் முடியாது. பப்பிலிருந்து அப்பர் பூத் பண்ணை வரை ஏறக்குறைய 2.5 கி.மீ.; வந்த வழியே திரும்பினால், நின்று நிதானமாகப் பார்த்து நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சின்ன நடைக்காகத்தான் இந்த மடல்.

பப்பருகே இடப்பக்கம் திரும்பச் சொல்லும் வழிகாட்டிப் பலகைக்கு முதல் நன்றி. அதைக் கவனிக்காமல் நேரே போனால் கிரைண்ட்ஸ்புரூக் ஓடைவழி. மேலே போகப் போகப் பாறைகளில் கையூன்றி ஏற வேண்டிவரும். முன்பு பென்னைன் வே அந்த வழியாகத்தான் போனது. மிதிபட்டு மண் அரித்ததால் இந்தப் பக்கம் மாற்றினார்கள்.

வயலில் பலகைக்கல் பதித்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். கல் இல்லாத இடத்தில் மழைக்குப் பின் நடப்பவர் சேற்றுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்குவார். ஓரப் புல் மடிந்து அதுவும் சேறாகும். அடுத்தவர் இன்னும் தள்ளி நடப்பார். ஒற்றையடிப் பாதை வண்டித்தடமாக அகன்று மேய்ச்சல் நிலத்தைத் தின்றுவிடும். அதனால் பூட்ஸ் நனைந்தாலும் கல்லின் மேலேயே நடக்க வேண்டும். உறைபனிக் காலையில் மட்டும் கல் வழுக்கும். வெயில் ஏறிய பின் கிளம்புவது நல்லது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கும், டார்ச் வேண்டும்.

தங்கள் வயலுக்குள் ஊரார் நடப்பதைப் பொறுத்துக்கொள்ளும் விவசாயிகளுக்கு நன்றி. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டும், திறந்திருந்தால் அப்படியே விட்டும் போவதுதான் நாங்கள் செய்யும் கைம்மாறு; திறந்த கேட் ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கலாம். வசந்தத்தில் நாயைக் கயிற்றில் பிடித்தே கூட்டிப் போக வேண்டும். நாய் துரத்தினால் சினை ஆட்டுக்குக் கரு கலையும், தாயும் குட்டியும் பிரிந்துவிடும்.

சம்பளமின்றி மலையேறி வரும் ஈடேல் மலை மீட்புக் குழுவினருக்குத் தனி வணக்கம். உங்களை அழைக்க 999 என்ற அவசர எண்ணில் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும் என்பதை எங்களோடு நடக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் கிளம்புகிறோம்.

பூட்ஸ் சேற்றைப் பப் வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே வருகிறோம்.

நன்றியுடன்,
இந்த வழியில் நடப்பவர்கள்