பட்டியலில் என் பெயரையும் எழுது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பியதை நிதானமாகப் படித்தேன். நான்கு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், கார் லோன், அப்புறம் செல்போன் ஆப்பில் வாங்கிய இரண்டு சின்னக் கடன்கள். ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டுகிறாய். கடைசி வரியில், "திவால் மனு கொடுத்துவிடலாமா, அதற்கு முன்னால் மனையை உங்கள் பேருக்கு மாற்றிவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறாய்.

மனை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என் பேருக்கு மாற்றாதே. திவால் சட்டம் உள்ள பல நாடுகளில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி, சமீபத்தில் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தாய் என்பதுதான். விலை வாங்காமல் கைமாறிய சொத்தைத் தேடி, இங்கிலாந்தில் 5 ஆண்டு வரை பின்னால் போகலாம். அமெரிக்காவின் திவால் சட்டத்தில் 2 ஆண்டு, மாநிலச் சட்டத்தைப் பிடித்தால் அதற்கும் மேலே. பத்திரம் ரத்தாகும், மனை எப்படியும் போகும். போதாக்குறைக்கு, ஏமாற்றப் பார்த்தவள் என்று கடன் தள்ளுபடியையே மறுக்கலாம். சும்மா திவாலாகிறவருக்குச் சட்டம் இடம் கொடுக்கும், ஒளித்துவிட்டுத் திவாலாகிறவருக்குக் கொடுக்காது.

எனக்குத் தர வேண்டிய பணத்தை முதலில் தந்துவிடுகிறேன் என்கிறாயே, அதுவும் இதே கதைதான். மனு கொடுப்பதற்கு முன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அடைத்தால், அந்தப் பணத்தை என்னிடமிருந்தே திரும்ப வாங்கி எல்லாருக்கும் பங்கு வைப்பார்கள். கடன் பட்டியல் எழுதும்போது என் பெயரையும் எழுது. அப்பா என்று விட்டுவிடாதே. முழுப் பட்டியல் கொடுப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு ஒரு பெயரை மறைப்பது சின்னத் தப்பு இல்லை.

நான் வேலை பார்த்ததெல்லாம் கடன் வசூல் பிரிவில். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். கடன்பட்டவர்கள் கெடுவது பெரும்பாலும் தொகையால் இல்லை, கட்டுகிற வரிசையால். யார் அதிகம் சத்தம் போடுகிறானோ அவனுக்கு முதலில் கட்டுவார்கள். யார் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கிறதோ அவருக்கு அடுத்து. உண்மையில் வீட்டையோ வண்டியையோ பிடுங்கக்கூடியவன் மரியாதையாக ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிட்டு வரிசையின் கடைசியில் நிற்பான். போனில் கத்துகிறவன் கையில் பெரும்பாலும் போனைத் தவிர ஒன்றும் இருக்காது.

அதனால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுது. யாருக்கு, எவ்வளவு நிலுவை, என்ன வட்டி, ஈடு ஏதாவது உண்டா, ஜாமீன் கையெழுத்து யாருடையது. ஜாமீன் பத்தியில் கவனம். நீ திவாலானால் உன் பொறுப்புதான் தீரும், ஜாமீன் போட்டவருடையது தீராது. மறுநாளே அவர் வாசலில் போய் நிற்பார்கள். தம்பி கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அவன் தயார்தான், நான் தயாராக இல்லை.

கார்டு கணக்கை எண்ணாகப் பார்த்தாயா? மாதம் 3 சதவீத வட்டி என்று வை. வருஷத்துக்கு 36. ஒன்றும் கட்டாமல் விட்டால் வட்டிக்கும் வட்டி ஏறி, இரண்டு வருஷத்துக்குள் இரட்டிப்பு. நிலுவை ஒரு லட்சம், குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள், அதாவது 5,000. அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,000. அடுத்த மாதம் நிலுவை குறைந்ததால் அவர்கள் கேட்கிற தொகையும் கொஞ்சம் குறையும், நீயும் சந்தோஷமாக அதையே கட்டுவாய். இப்படியே போனால் 31 மாதம் கழித்து இன்னும் 53,000-க்கு மேல் பாக்கி இருக்கும். அதே கார்டுக்கு, அவர்கள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் விடாமல் மாதம் 5,000 கட்டினால் அதே 31-ஆவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். இடையில் அந்தக் கார்டைத் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். தொடக்கத்தில் இரண்டும் ஒரே 5,000தான் என்பதைக் கவனி.

உன் பட்டியலில் ஆப் கடன்கள் இரண்டும் சின்னவை, வட்டியும் அவற்றில்தான் கொடுமை. அவற்றை முதலில் ஒழி. அப்புறம் வட்டி கூடுதலான கார்டு, அப்படியே கீழே இறங்கி வா. சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு என்பார்கள். அது நிஜம்தான், ஆனால் தெம்புக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். கார் லோன் மட்டும் தனி. தவணை தவறினால் வண்டியை எடுத்துப்போய் ஏலம் விடுவார்கள், ஏலத்தில் நிலுவையை விடக் குறைவாகப் போனால் மிச்சத்தையும் உன்னிடமே கேட்பார்கள். வேலைக்குப் போக அது வேண்டும் என்றால் தவணையைத் தவறவிடாதே. வேண்டாம் என்றால் லோன் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு நீயே விற்றுவிடு, ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கும்.

எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் வட்டியை மட்டும் கேட்காதே, எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் கேள். 12 சதவீதம் என்பது முழு அசலுக்கும் கடைசி வரை போடுகிற வட்டியாக இருந்தால், ஒரு வருஷக் கடனில் அது, மாதாமாதம் குறைகிற நிலுவைக்கு மட்டும் வட்டி போடுகிற கணக்குப்படி 21 சதவீதத்துக்கும் மேலே வரும். மனையை அடமானம் வைத்துக் கார்டை அடைக்கலாம் என்பார்கள். செய்யாதே. ஈடில்லாக் கடனை ஈடுள்ள கடனாக மாற்றுவது அவர்களுக்குத்தான் லாபம். முன்பணம் வாங்கிக்கொண்டு பேசி முடித்துத் தருகிறோம் என்கிற தரகர்களும் வேண்டாம். நீயே பேசலாம். தவணை தவறுவதற்கு முன்பே பேசுகிறவரை நாங்கள் வேறு மாதிரிதான் பார்ப்போம். எது பேசினாலும் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டு. குறைத்து முடித்த கடன், முழுசாகக் கட்டி முடித்ததாகக் கடன் பதிவில் ஏறாது என்பதையும் தெரிந்துகொள்.

திவாலுக்கு வருகிறேன். மஞ்சள் கடிதாசி கொடுத்தவன் என்று ஊர் பேசும் என்பதற்காக நான் தடுக்கவில்லை. கடனுக்காக ஆளைச் சிறையில் போட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தே 1869-இல் அதைப் பெரும்பாலும் நிறுத்தியது. இப்போது அங்கே திவாலானவருக்கு வழக்கமாக 12 மாதத்தில் கடன்களிலிருந்து விடுவிப்பு கிடைக்கிறது. அமெரிக்காவில் சொத்தை ஒப்படைத்து முடிக்கிற வழியும் உண்டு, 3 முதல் 5 ஆண்டு வரை சம்பளத்திலிருந்து கட்டி முடிக்கிற வழியும் உண்டு. ஆனால் கடன் பதிவில் தழும்பு இருக்கும், இங்கிலாந்தில் 6 ஆண்டு, அமெரிக்காவில் 10 ஆண்டு வரை. குழந்தைக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கிய கடன் போன்றவை பொதுவாகத் தீராது. நீ இருக்கிற இடத்துச் சட்டத்தை அங்கே உள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

என் கணக்கு இப்படி. வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதை வைத்து ஈடில்லாக் கடன்களை ஐந்து வருஷத்தில் முடிக்க முடியாது என்றால் திவாலைப் பற்றி யோசிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உனக்குத்தான் மனை இருக்கிறதே! நியாயமான விலைக்கு, வெளியாளுக்கு, பத்திரத்தில் முழுத் தொகை எழுதி விற்றால் ஆப், கார்டு எல்லாம் அடைந்து பர்சனல் லோனிலும் பாதி குறையலாம். அப்படியானால் மனுவே தேவைப்படாது. ஒளிக்க நினைத்தாயே, அதை வைத்துத்தான் நீ வெளியே வரப்போகிறாய். விலை விசாரித்து எழுது, இந்த மாதமே.

ஓய்வூதியச் சேமிப்பை மட்டும் உடைக்காதே. பல நாடுகளில் கடன்காரர் அதைத் தொட முடியாது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால்தான் தொட முடியும்.

மாப்பிள்ளைக்கு எத்தனை கார்டு தெரியும்? நீ எழுதிய விதத்தைப் பார்த்தால் இரண்டுதான் தெரியும் போலிருக்கிறது. பட்டியலை முதலில் அவரிடம் காட்டு, அப்புறம் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கூப்பிடுங்கள், அம்மாவும் நானும் வீட்டில்தான் இருப்போம்.

அப்பா