2024–25 ஆண்டறிக்கை: பழைய கோயில் சிற்பப் படங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம்மிடமுள்ள பழைய கோயில் சிற்பப் புகைப்படங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். இராமபாணப் பூச்சி அரிக்கிறதே என்று பயந்து, இரண்டு ஆல்புமன் படங்களை லேமினேட் செய்யக் கொடுத்தது நான்தான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க வழியில்லை. உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைத் தாளில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் பதமாக்கி, நெகட்டிவின் அடியில் வெயிலில் வைத்து எடுத்த படங்கள் அவை. மீதிப் படங்களை அமிலமில்லாத தாள் உறைகளுக்கு மாற்றிவிட்டோம். பீரோவையும் ஓதம் ஏறும் சுவரிலிருந்து தள்ளிப் போட்டாயிற்று.

ஐப்பசிக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒரு படத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். வழக்கமாக இடக்கால் அல்லவா? "மதுரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்து நடராசர், கால் மாறி ஆடியவர்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அரை மணி நேரம் போனது. அப்புறம் ஒரு அம்மா லென்ஸை வைத்துப் பார்த்து, பீடத்திலிருந்த கல்வெட்டு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருப்பதைக் காட்டினார். கால் மாறியது சாமி இல்லை, நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள்!

"புத்தர்" என்று பின்பக்கம் எழுதியிருந்த இன்னொன்றில் தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை), உடம்பில் துணி இல்லை. சமணத் தீர்த்தங்கரர். எழுதியவரின் பென்சில் குறிப்பை அழிக்கவில்லை. அதுவும் படத்தின் வரலாறுதானே. திருத்தத்தை உறையின் மேல் எழுதினோம்.

மாசி மாதப் பேச்சு லினேயஸ் ட்ரைப் என்பவரைப் பற்றியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த இவர், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். அதே ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த, ஆந்திராவின் அமராவதியைச் சேர்ந்த பௌத்தச் சிற்பங்களையும் எடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. சென்னையில் அவை வைக்கப்பட்டிருந்த நிலையைப் பார்க்க இன்று நமக்கு அந்தப் படங்கள்தான் உதவுகின்றன.

வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே எடுத்து வாருங்கள்.

இவண்,
செயலாளர்